தனி லைன்

இன்று காலை தில்லையடி வீட்டில் புது மின்சார அடுப்பைப் போட்டுப் பத்து நிமிடத்தில் பிளக் கருகி மணத்தது. உடனே நிறுத்திவிட்டு வயரிங்காரரைக் கூப்பிட்டேன். அந்த மணம் ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும்.

கற்பிட்டியில் எங்கள் வாப்பா வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்தார். வெல்டிங் மெசினை வீட்டு லைட் லைனில்தான் கொடுத்திருந்தார். அது கூடுதலாகக் கரண்ட் இழுப்பதால் பியூஸ் அடிக்கடி போகும். ஒருநாள் சலித்துப்போய், பியூஸில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டார்.

"இனிப் போகாது," என்றார்.

பியூஸ் போகவில்லை. சுவரில் ஓடிய மெல்லிய வயர்தான் சூடேறி உருகியது. தங்கச்சி தூங்கிய அறை முழுக்கப் புகை. உம்மா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார்.

முற்றத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்த வாப்பா முகமூடியைக் கழற்றினார். "மெசின் ஏன் நிண்டுபோச்சு?"

உம்மா சத்தம் போடவில்லை. "உள்ளுக்குப் போய்ப் பாருங்க," என்றார்.

போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் பிள்ளையைக் கையில் வாங்கினார். அடுத்த கிழமை ஒருவர் வந்து தடித்த வயரில் தனி லைன் இழுத்து, பிரேக்கர் பூட்டி, எர்த் கம்பியும் இறக்கும்வரை மெசினை அவர் தொடவே இல்லை.

இன்று வந்த வயரிங்காரர் கருகிய பிளக்கைப் பார்த்தார். "அடுப்புக்குத் தனி லைன் இழுக்கணும். புதுசாப் பெயின்ற் அடிச்ச சுவரை வெட்ட வேண்டி வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்டுமில்ல, வெட்டுங்க," என்றேன்.