மஞ்சள் அடித்த ராடுகள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆலையின் லேப்பில், இரும்புத் துண்டின் மேல் மின்பொறி விழுந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பொறியின் ஒளியைப் பிரித்து, கார்பன் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கருவி சொல்லும். அட, விண்மீன்களையும் இப்படித்தானே படிக்கிறார்கள்! கம்பெனி பஸ்ஸில் வாரம் முழுக்க அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். நம் பால்வீதி முன்னொரு காலத்தில் சின்ன விண்மீன் மண்டலங்களை விழுங்கியிருக்கிறது. அந்த விண்மீன்கள் இன்னும் நம் நடுவில்தான் சுற்றுகின்றன, பார்வைக்குத் தெரியாது. கலவையும் ஓட்டமும் மற்றவற்றோடு ஒட்டாமல், தங்களுக்குள் மட்டும் ஒத்துப்போகும் ஒரு கூட்டம் அகப்பட்டால், அவை சேர்ந்து வந்தவை.

கருவியில் இருந்தது, அக்கா வீட்டுக்காரரின் இரண்டு விரல்களை வாங்கிய ராடின் மிச்சம்.

மாமாவுக்கும் இதே ஆலைதான், ராடு நிமிர்த்தும் பிரஸ்ஸில் வேலை. அவர் ரேக்கில் இருக்க வேண்டிய மென்மையான இரும்பு என்றால் வளைந்து கொடுக்கும். அன்று வந்தது கடின இரும்பு, உடைந்து தெறித்தது. பக்கத்து ரேக்கிலிருந்து அவரே தப்பாக எடுத்து மாட்டினார் என்று சூப்பர்வைசர் எழுதிவிட்டார். அது அப்படியே நின்றால் வேலையும் போய்விடும்.

எது எந்த இரும்பு என்பதை ராடின் முனையில் இருக்கும் சாயத்தின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். விபத்துக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு முதல் நாள் தரை கழுவ எல்லாவற்றையும் வெளியே போட்டு, ரேக்குகளோடு ராடு முனைகளுக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பளிச்சென்று இருந்தது. அடித்தவர்களில் மாமாவும் ஒருவர்.

வடக்குப்பட்டில் அவர் வீட்டுக்குப் போய், "கலவை வேறன்னு வந்துடுச்சு மாமா," என்றேன்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அத்த என் வெரலே அன்னிக்கி சொல்லிடுச்சு. நான் மாத்தி எடுக்கலன்னு உன் மிஷினு சொல்லுமா?"

"சொல்லாது. ஆனா அதே இரும்பு உங்க ரேக்குல, அடியில கும்பலா இருந்தா? கழுவிட்டு அடுக்கும்போதே சேர்ந்து வந்ததுன்னு ஆவும்ல? நட்சத்திரமும் இப்டித்தான்..."

"இன்னாடா, வெரலு போனவனுக்கு ஜாதகம் பாக்குறியா?"

"சோத்தப் பெசைய முடியாம ஸ்பூன தேடிக்கினு கீறாரு, இவன் நட்சத்திரம்ன்றான்," என்றாள் உள்ளேயிருந்து அக்கா. அவர் சிரிப்பும் நின்றுபோனது.

நாளை மறுநாள் மாமாவின் ரேக்கைக் காலி செய்து, அடையாளம் போன ராடுகள் என்று எல்லாவற்றையும் உருக்க அனுப்பிவிடுவார்கள். நாளை சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மிஷின் சும்மா கிடக்கும். எந்த ராடு எங்கே கிடக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, அடிவரிசையிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அறுக்கப்போகிறேன். லேப் இன்சார்ஜிடம் இன்னும் கேட்கவில்லை.