நீலம் பாய்ந்த பிளேடு

எனக்கு கிரைண்டிங் வேலை. திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. வெல்டர் ஒட்டுவான், நான் தேய்ப்பேன். இருபது வருசத்துக்கு மேல அதான். வேற தெரியாது.

வீடு எம்.கே.பி. நகர்ல. லீவு நாள்ல வியாசர்பாடி காயலான் கடையில போய் உட்காருவேன். கடைக்கார பாய் நம்ம தோஸ்து. அங்க ஒரு நாள் பழைய இரும்புக் குவியல்ல ஒரு பைப் ரெஞ்சு கிடந்தது. துரு ஏறி, திருகு இறுகிப் போயிருந்தது. எடைக்கு வாங்கினேன். ஏன் வாங்கினேன்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல. டீசல்ல ஊறப் போட்டேன். மூணாம் நாள் திருகு அசைஞ்சது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு எண்ணெய் விட்டேன். ஒரு விரலால சுத்தினேன், சுத்திச்சு. அடுத்த வாரம் ஒரு சுத்தியல் தலை. அப்புறம் ஒரு குறடு.

பால்கனியில பலகை அடிச்சு அடுக்கினேன். பிளாக்ல இருக்கறவங்க சிரிச்சாங்க. "இன்னா நைனா, வூட்லயே காயலான் கடை தொறந்துட்டியா?"

பழைய சாமானைச் சரி பண்றேன்னு கேள்விப்பட்டுத்தான் கீழ்வீட்டு அக்கா வந்தாங்க. காசிமேட்டுல மீன் வெட்டிக் கொடுக்கறவங்க. கையில ஒரு மர இழைப்புளி. அவங்க வீட்டுக்காரர் படகு கட்டின ஆசாரி, இப்ப இல்ல. மீன் வெட்டுற பலகை வெட்டி வெட்டி நடுவுல குழி விழும், நாத்தம் பிடிக்கும். மாசம் ஒரு தடவை அந்த இழைப்புளியால அக்காவே பலகையைச் சீவிடுவாங்க.

"மொன்னையா பூட்ச்சுப்பா. தடைக்காலம் முடியறதுக்குள்ள சாணை புட்ச்சுக் குடு. லாஞ்சு கடலுக்குப் போச்சுன்னா எனக்கு மூச்சு வுட நேரம் இருக்காது."

மறுநாள் அதோட பிளேடைக் கழட்டி, பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் கிரைண்டிங் மிஷினை வச்சேன். எங்களுக்கு எல்லாத்துக்கும் அதுதான். பொறி பறந்தது. முனை பளபளன்னு வந்தது. ஓரத்துல நீலம் பாய்ஞ்சிருந்தது. வெல்டிங் ஓரத்துல தினம் பார்க்கிற நிறம். அதையெல்லாம் நாங்க கண்டுக்கறதில்ல.

வீட்டுல பிளேடைத் திரும்பச் சொருகி ஒரு கட்டை மேல ஓட்டிப் பார்த்தேன். நாலு தடவை சீவிச்சு. அஞ்சாவது தடவை முனை தகரம் மாதிரி மடங்கிடுச்சு. சூட்டுல எஃகோட பலம் போயிடுச்சு. நீலம் வந்த இடத்தைத் தேய்ச்சு எடுத்துட்டா சரியாயிடும்தான். ஆனா அந்த பிளேடுல முனைக்கு மட்டும்தான் எஃகு, மேல வெறும் இரும்பு. ஆசாரி வருசக்கணக்கா தீட்டினதுல மிச்சம் இருந்ததே அரை விரல் அகலம். அதைத்தான் நான் கெடுத்து வச்சிருந்தேன்.

கீழ போய்ச் சொன்னேன். "அக்கா, கெடுத்துட்டேன்."

பிளேடை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"கையில மிஷின் கீதுன்னு எத்த வேணா தேய்ப்பியா? உன் மூஞ்சியக் கொண்டு போய்த் தேய்." மடங்கின முனையைத் தடவிட்டு, "மத்த சாமானெல்லாம் அவரு ஆஸ்பத்திரி செலவுக்கு வித்துட்டேன்யா. இது ஒண்ணுதான் கீது."

"லாஞ்சு போறதுக்குள்ள சரி பண்ணித் தரேன்."

"தருவ?"

"தருவேன்."

பாய் கிட்ட சொன்னேன். அவர் குவியல்ல கை விட்டு ஒரு பிளேடை எடுத்தார். "அதே அகலம் மாமு. போட்டுக் குடு. அந்தம்மா கேட்டா துரு எறங்கி புதுசா ஆயிடுச்சுன்னு சொல்லு."

"அதெல்லாம் வாணாம். பழைய உளி, பிளேடு எவ்ளோ கீதோ எல்லாத்தையும் எடை போடு, பழகிப் பாக்கணும்"ன்னேன்.

"பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ"ன்னு தராசை எடுத்தார்.

எஃகைச் சிவக்கக் காய்ச்சி முக்கினா திரும்ப இறுகும். அது தெரியும். எவ்வளவு சிவக்கணும், எதுல முக்கணும், தெரியாது. மொட்டை மாடியில பழைய சட்டியில கரி போட்டேன். ஊதறதுக்கு வீட்டு ஹேர் டிரையர். வீட்டுல திட்டு விழுந்துச்சு. முதல் உளியைத் தண்ணியில முக்கினேன். டிக்னு ஒரு சத்தம். விரிசல். ரெண்டாவதை எண்ணெயில முக்கினேன். சூடு பத்தல, இறுகல, அரம் போட்டா தேய்ஞ்சது. மூணாவது முனை கருகிக் கொட்டிடுச்சு.

அப்புறம் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைக் கழட்டி வச்சுக்கிட்டேன். இரும்பு காந்தத்துல ஒட்டாம போற சூடுதான் கணக்குன்னு பிடிபட்டது. இறுகினா மட்டும் போதாது, கண்ணாடி மாதிரி பல்லு பல்லா உதிரும். அதனால மெதுவா இன்னொரு சூடு. முனையில லைட் டீ நிறம் வந்ததும் நிறுத்தணும். இதுக்கே ஒன்பது உளி ஆச்சு. சரியா வந்ததைத் தூக்கிப் போட மனசு வரல. ஒவ்வொண்ணுக்கும் பிடி போட்டேன். சேர்க்கணும்னு சேர்த்ததில்ல. பால்கனியில ரெண்டாவது பலகை அடிக்க வேண்டியதாப் போச்சு.

கடைசியா அக்காவோட பிளேடு. எஃகும் இரும்பும் ஒட்டின இடம் பிரிஞ்சா அதோட முடிஞ்சது. காய்ச்சினேன். காந்தம் விட்டது. எண்ணெயில இறக்கினேன். புகை அடங்கினதும் எடுத்துப் பார்த்தேன். பிரியல. அரம் வழுக்கிச்சு, இறுகிடுச்சு. டீ நிறத்துல நிறுத்தி, கல்லுல கையாலயே தீட்டினேன். மிஷின் பக்கம் போகல.

தடைக்காலம் முடிய ரெண்டு நாள் இருந்தது. இழைப்புளியையும் பிளேடையும் கீழ கொண்டு போய் அக்கா கையில கொடுத்தேன். பிளேடை இழைப்புளியில சொருகி ஆப்பைத் தட்டினாங்க. வராந்தாவுல பலகையைப் போட்டு, ஒரு காலால அமுக்கி, தள்ளினாங்க. சீவல் வந்தது. நாலு, அஞ்சு, பத்து. நிறுத்தி முனையை விரலால தடவினாங்க.

"மூலையில சொரசொரன்னு கீது."

"ஒரு பல்லு போயிருக்கும்க்கா. தீட்டணும்."

"தீட்டு."

அங்கேயே குந்தித் தீட்டினேன். திரும்பத் தள்ளினாங்க. பலகை முழுக்கச் சமமாச்சு. உள்ள போய் இன்னொரு பலகையைக் கொண்டு வந்தாங்க, அதைவிடக் குழி. அதையும் முடிச்சாங்க. முனை மடங்கல.

இழைப்புளியை முந்தானையால துடைச்சு உள்ள எடுத்துட்டுப் போனாங்க. நான் சீவலைப் பெருக்கினேன்.