மூச்சு வாங்காத மாமா

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என் மாமனாருக்கு எண்பத்தெட்டு வயது. கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன் இதயத்தைப் பரிசோதிக்க, ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு அழைத்துப் போனேன்.

"மூச்சு வாங்குதாங்கய்யா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் இல்லீங்க," என்றார் மாமா. நானும் தலையாட்டினேன்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

என்னோடு பேசியபடி வராந்தாவில் நடந்தவருக்குப் பாதியில் பேச்சு நின்றது. உதடு நீலம் பாரித்தது. பதறிப்போய் உட்கார வைத்தேன். ஸ்கேனில், இதய வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது.

"மாடி ஏறினா மூச்சு வாங்குச்சும்மா. அதான் ஏறுறதையே விட்டுட்டேன். உன்னை ஏன் பயமுறுத்தணும்னு சொல்லலை," என்றார் மெதுவாக.

மருந்தில் மூச்சு வாங்குவது குறைந்தது; கண் அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்று அவர் சொன்னால் நான் அதோடு விடுவதில்லை. எதையெல்லாம் செய்யாமல் விட்டார் என்று கவனிக்கிறேன்.