தலைகீழாகக் கிடந்த பதினோராயிரம் ஆண்டுகள்

நான் ஏழு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தேன். அந்த ஏழு வருஷமும் என் மாமா ஒரே கிடங்கில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் என்னைவிட அவர்தான் அதிக தூரம் போய்வந்தவர்.

ஏரிகளின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேற்றை நீளத் தட்டுகளில் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு அது. மாமா அதன் காப்பாளர். வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அத்தை, "சேத்துக்குக் காவல்" என்பாள்.

மாமாவின் செல்லப்பிள்ளை மூன்றாம் அலமாரியில் இருந்தது. இரண்டு மீட்டர்ச் சேறு. அதன் அடியில் அரை மீட்டருக்குச் சாம்பல் நிறக் களிமண், அது பனியுகம். அதற்கு மேலே ஒன்றரை மீட்டர் கருஞ்சேறு. பனி உருகியதிலிருந்து நேற்றுவரை, பதினோராயிரத்து எழுநூறு ஆண்டுகள். ஹோலோசீன் என்று பெயர். மனிதன் விதைத்தது, ஊர் கட்டியது, பக்கத்து ஊரோடு அடித்துக்கொண்டது எல்லாம் அந்த ஒன்றரை மீட்டருக்குள் அடக்கம். மேல்முனைக்கு நீல மூடி, அடிமுனைக்குச் சிவப்பு மூடி.

கிடங்கை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாமா என்று பார்க்க ஆய்வு நிலைய இயக்குநர் ஒரு நிபுணரோடு வருவதாகத் தகவல் வந்தது. மாமா சோறு தண்ணி மறந்து மூன்று நாள் தூசி தட்டினார். மூடிகளைக்கூட விடவில்லை. கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டினார்.

வந்த நிபுணர் நீல முனையில் குனிந்தார். சாம்பல் களிமண்ணைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்? மனுஷன் கை பட்ட லட்சணம்! உயிரே இல்ல, சிமெண்ட் மாதிரி கெடக்கு. ஹோலோசீன் கதை முடிஞ்சுது. இது மனுஷன் கெடுத்த புது யுகம். இந்தக் கல்லப் பாருங்க, கட்டட இடிபாடு!"

"அடேயப்பா!" என்றார் இயக்குநர். "அப்ப இது பெரிய சாட்சியாச்சே. கிடங்க இடிக்கக் கூடாதுன்னு எழுதிடுங்க."

நிபுணர் நின்ற வாக்கிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மாமாவுக்கு அந்தக் கல்லைத் தெரியும். பனி இழுத்துவந்து போட்ட கல். இருபத்திரண்டு வருஷமாக அடிமுனையில் இருப்பது. கழுவிய மூடிகளை அவரே மாற்றி மாட்டியிருக்கிறார். வாயைத் திறந்தால் கிடங்கு போகும். திறக்காவிட்டால் பனியுகம் போன வாரம் நடந்ததாகிவிடும். மாமா வாயைத் திறந்தார்.

"சார்... மூடிய நான்தான் மாத்தி மாட்டிட்டேன். நீங்க பாக்குறது அடிப்பக்கம்."

"என்னய்யா சொல்ற?" இயக்குநர் குரல் கூரையில் முட்டியது.

நிபுணர் அசரவில்லை. மறுமுனைக்கு நடந்தார். குனிந்தார்.

"அதானே பாத்தேன்! கருப்பு, ஒரே அழுகல். மனுஷன் கை பட்டா வேற எப்படி இருக்கும்? ஹோலோசீன் கதை முடிஞ்சுது."

அறிக்கையில் 'சாம்பல்' என்பதை அடித்துவிட்டுக் 'கருப்பு' என்று எழுதினார். சேறு புரண்டது, தீர்ப்பு புரளவில்லை. கிடங்கு பிழைத்தது. மாமாவுக்கு மட்டும் மறுநாள் மெமோ வந்தது.

அத்தை அதை இரண்டு தரம் படித்தாள்.

"பதினோராயிரம் வருஷத்தத் தலைகீழா வச்சதுக்கு வெறும் மெமோதானா? டப்பாவக் கழுவுறேன்னு உப்பு மூடிய சர்க்கரை டப்பாவுல மாட்டிட்டுச் சொல்லாம மறைச்சீங்களே, அப்ப நான் ஒரு வாரம் உங்களோட பேசல."

"அதனாலதான் நேத்து உண்மையச் சொல்லிட்டேன்" என்றார் மாமா.