ஸ்டேஷன் முற்றத்தில் யூதப்பள்ளி

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர் கொதித்துக் கிடந்த நாட்கள். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு பஸ்ஸை மறிப்பார்கள். போலீஸ் கண்ணில் பட்டவனை அள்ளிக்கொண்டு போகும். அப்போது பார்த்துத்தான் என் கணவர் லாரி நிறையத் தேக்குச் சட்டங்களோடு வந்து நெய்யாற்றின்கரையில் போலீஸிடம் மாட்டிக்கொண்டார்.

கொச்சிப் பக்கத்து யூதப்பள்ளி, அதாவது யூதர்களின் கோவில் ஒன்றின் மரம் அது. கும்பிட்டவர்கள் கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட, வாங்கியவர் கட்டடத்தைப் பிரித்து விற்றார். பெண்கள் மாடியில் மரத்தட்டிக்குப் பின்னால் இருந்து கும்பிடுவார்களாம். ஏறத் தனிப் படிக்கட்டாம். அந்த மாடியும், தாமரை செதுக்கிய மச்சுக் கூரையும் ஏற்கெனவே விறகாகிப் போயிருந்தன. நடுக்கூடத்தில் வேதம் வாசிக்க நின்ற மேடையை மட்டும் எங்கள் சபையின் பிரசங்க மேடைக்காக இவர் வாங்கியிருந்தார். தச்சுவேலைக்காரர், பார்த்ததை விட்டுவர மனசில்லை.

சட்டங்களில் ஏதோ புரியாத எழுத்து. சாலை மறிக்கக் கொண்டுவந்த மரம், எழுத்து ரகசியக் குறி என்று போலீஸ் முடிவுகட்டிவிட்டது. ஸ்டேஷனுக்குள் போனவர்கள் நொண்டிக்கொண்டு திரும்பிய காலம். சேதி கேட்டதும் ஓடினேன்.

“பள்ளியாணெங்கில் கெட்டிக் காணிக்கூ,” என்றார் இன்ஸ்பெக்டர். இவர் சொன்னபடி பள்ளி மரமென்றால் முற்றத்திலேயே கட்டிக் காட்ட வேண்டுமாம்.

இவர் மேடையின் கால்களை நிறுத்தி, வளைசட்டத்தைப் பொருத்தி, கடைசல் கம்புகளை ஒவ்வொன்றாகக் குழியில் இறக்கினார். வேலை சூடுபிடித்ததும் மனுஷனுக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. ஒரு கான்ஸ்டபிளைப் பார்த்து, “எலே மக்கா, அந்த முனைய நேரா பிடி,” என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. அவனும் பிடித்தான்.

இன்ஸ்பெக்டர் மேடையில் ஏறினார். இதில் கும்பிட்டவர்கள் எங்கே என்று கேட்டார்.

“அவிய நாட்டுக்குப் போயாச்சு சார்,” என்றார் இவர்.

“அப்போ நிங்களும் தமிழ்நாட்டிலேக்குப் போகுமோ?”

வீடா லாக்கப்பா என்பது இந்தப் பதிலில்தான். ஆமென்றால் கலகக்காரன், போராட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றால் நம்ப ஆளில்லை, இவர் அந்த ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தவர். நான் கர்த்தரைக் கூப்பிட்டேன்.

“எனக்க வீடு இங்க பக்கத்துல உதியன்குளங்கரையிலயாக்கும் சார். எந்த நாடு வந்தாலும் நான் அங்கதான் உண்டு.”

இன்ஸ்பெக்டர் மேடையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு இறங்கி, பிரித்து எடுத்துப் போகச் சொன்னார்.

லாரி ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் இவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். “மேடையாம் மேடை,” என்றேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.