சாவி தொலைத்த பிள்ளை

வீடு பார்க்கப் போகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்ப்பார்கள். மழை ஒழுகிய கறை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் பெரியம்மா மாதிரி ஆட்கள் வாசல் எந்தத் திசை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் செருப்பையே கழற்றுவார்கள். என் அம்மா இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டு கேட்டின் முன்னால் என்னைப் பள்ளிச் சீருடையில் நிற்க வைத்துவிட்டு, தூரத்தில் போய் ஒளிந்துகொண்டு, யாராவது வந்து "ஏம்மா இங்க நிக்கிற?" என்று கேட்கிறார்களா என்று பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஜொகூர் பாருவில் எங்களுக்கு வீடு அமைந்தது இப்படித்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதுவரை பாலோவில் மாமா வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குச் செனாயில் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்தது, காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. எனக்கு ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு இடம் கிடைத்தது. பேக்டரி பஸ் ஜேபியில் உள்ள தாமான் என்கிற குடியிருப்புகளில் எல்லாம் நுழைந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும் என்பதால் அங்கே எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம். இடித்தது ஒன்றே ஒன்றுதான். பள்ளி இரண்டரைக்கு விடும், அம்மா வீடு வந்து சேர ஏழரை தாண்டிவிடும். நடுவில் ஐந்து மணி நேரம் நான் தனியாக இருக்க வேண்டும்.

அந்த வருஷக் கடைசி லீவுக்குச் செனாயில் பெரியம்மா வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தோம். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று பெரியம்மா சொல்லத்தான் செய்தார். நல்ல மனுஷி. ஆனால் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அப்பாவை நினைத்து மூக்கைச் சிந்துவார். "இவங்க அழுதழுதே உன்னை அநாதப் புள்ளயாக்கிடுவாங்க, நாம ஜேபியிலயே பாப்போம்" என்று அம்மா என் காதில் சொன்னார். பெரியம்மாவுக்குக் கோபம். ஆம்பளைத் துணை இல்லாமல் டவுனில் யாரை நம்பி வயசுக்கு வரப்போகிற பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவாய் என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. வாய்க்கு வாய் பேசும் என் அம்மா பதில் சொல்லாமல் போனால், அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்து என் பழைய தமிழ்ப்பள்ளிச் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டார். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி, புத்தகப் பை எல்லாம் தயார். சும்மா உடுப்பில் ஒரு பிள்ளை நின்றால் விளையாட வந்தது என்று நினைப்பார்களாம். பையோடு நின்றால்தான் வீட்டுக்குள் போக முடியாமல் நிற்கிறது என்று புரியுமாம். யாராவது கேட்டால் "சாவி தொலைஞ்சு போச்சு, அம்மா வேலை முடிஞ்சுதான் வருவாங்க" என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரம் பார்ப்பார், பிறகு வந்து கூட்டிப்போவார்.

"அம்மா, இப்ப ஸ்கூல் லீவு லா" என்றேன்.

"அதெல்லாம் யாரு கவனிக்கப் போறா? போட்டுக்கிட்டு வா" என்றார். பேக்டரியில் ஒரு ஊசிமுனைக் கீறலைக்கூடக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவருக்கு இது மட்டும் பெரிதாகத் தெரியவில்லை.

முதலில் பார்த்தது ஒரு கொண்டோ. பதினெட்டு மாடி, வாசலில் காவலர், லிப்டில் கண்ணாடி, கீழே நீலமாக ஒரு நீச்சல் குளம். அதைப் பார்த்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். இது எங்கள் வீடு. பாலோவில் இருக்கும் என் கூட்டாளிகளை எந்த வரிசையில் குளத்துக்குக் கூப்பிடுவது என்பதுவரை மனதில் போட்டு வைத்துவிட்டேன். ஏஜெண்ட் வீட்டைக் காட்டிவிட்டுப் போனதும், பன்னிரண்டாம் மாடியில் அந்தப் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். லிப்ட் திறந்தது, மூடியது. காதில் பாட்டு மாட்டிய ஒருவர் என் காலைத் தாண்டிப் போனார். சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்த ஒரு குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. கெட்டவர்கள் யாரும் இல்லை, அவரவர் வேலை அவரவருக்கு. இருபது நிமிஷம் ஆனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குளம் கைநழுவிப் போகிறதே! அடுத்து லிப்டிலிருந்து வந்த அக்காவிடம் நானே எழுந்துபோய் மணி என்ன என்று கேட்டேன், எத்தனையாவது மாடி இது என்று கேட்டேன், அவர் பையில் இருந்த பூனைப் பொம்மை அழகாக இருக்கிறது என்றேன். அவரும் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா, எவ்வளவு நல்லாப் பேசுனாங்க!" என்று அம்மாவிடம் ஓடினேன்.

"நீ போய்ப் பேசுன. அவங்க வந்து பேசல" என்றார் அம்மா. அவ்வளவுதான், குளத்துக்கு முழுக்குப் போட்டாகிவிட்டது.

இரண்டாவது, புதிதாகக் கட்டிய மாடி வீட்டு வரிசை. எல்லா வீட்டுக்கும் தானாகத் திறக்கும் கேட். அரை மணி நேரத்தில் என்னை விசாரித்தது ஒரே ஒரு நாய்தான். அன்று ராத்திரி சாப்பிடும்போது பெரியம்மா, "வீடு பாக்கப் போனா புள்ளய வெயில்ல கருவாடா காயப் போடுறா, எங்கயாவது உண்டா இந்தக் கூத்து?" என்று ஆரம்பித்தார். அம்மா எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தார். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

மூன்றாவது, சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய தாமான். ஒற்றை மாடித் தகரப் பந்தல் வீடுகள், வாசலுக்கு வாசல் துணிக்கொடி, திறந்த கால்வாய். எங்கிருந்தோ பலாச்சான் என்கிற இறால் விழுது வறுக்கும் வாசம் வேறு. சீ, இங்கேயா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் பொந்தியானில் இருந்ததால் உள்ளே போய்ப் பார்க்கவும் சாவி இல்லை. சரி, யாரும் என்னைக் கேட்கக் கூடாது, அதற்கு என்ன வழி என்று யோசித்தேன். கேட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கு முதுகைக் காட்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்தேன். அம்மா தெருக்கோடியில் ஒரு லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிர்வீட்டு கிரில் கிறீச்சென்றது. ஐம்பது வயது இருக்கும் ஒரு சீன ஆண்ட்டி, கையில் தவ்கே முளைப்பயறு போட்ட கூடையோடு என் முன்னால் வந்து நின்றார். என் சட்டையில் இருந்த தமிழ்ப்பள்ளிச் சின்னத்தைப் பார்த்தார்.

"ஏ பொண்ணு, ஸ்கூல் லீவுல எந்த வாத்தியாரு உனக்குப் பாடம் நடத்துறான்?"

தமிழ்! அதுவும் எங்கள் மாமா பேசுகிற அதே தோட்டத்துத் தமிழ். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம், தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவராம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷம் சாவி தொலைந்த கதையைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போது அவர் பார்வை என் தலைக்கு மேலே தெருக்கோடிக்குப் போனது. நானும் திரும்பினேன். லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட், நம் ஊர் மோட்டார்க்காரர்கள் வழக்கப்படி முன்பின்னாக மாட்டிய ஜாக்கெட். ஆணா பெண்ணா என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

"அங்க ஒருத்தன் உன்னயே பாக்குறான். யாரு, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அம்மா என்று சொன்னால் நாடகம் வெளுத்துவிடும் என்பது ஒரு காரணம். மூன்று வீட்டு வாசலில் காத்துக் கிடந்த கோபமும் இருந்தது. உண்மையான காரணம், இந்த வீடு அமையக் கூடாது என்ற கெட்ட எண்ணம்தான்.

ஆண்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்க வேண்டும். என்னை அவர் வீட்டுக்குள் தள்ளி, தவ்கே கூடையை என் கையில் திணித்து, கிரில்லைப் பூட்டி, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். "புள்ள புடிக்கிறவன்! புள்ள புடிக்கிறவன்!" என்று தமிழில் ஒரு கூப்பாடு, மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று. நான் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், கையில் கரண்டியோடு ஓடி வந்தார். கார் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் அண்ணன் ஸ்பேனரோடு வந்து மோட்டார் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். யார் யாரோ வந்தார்கள். நடுவில் அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கியபடி அசையாமல் நின்றார். "அம்மா" என்று கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

ஒரு வழியாக ஹெல்மெட் கழன்றது. வியர்வையில் ஒட்டிய முடியும் சிவந்த கண்ணுமாக அம்மாவின் முகம் வெளியே வந்தது. "என் புள்ளதான்க்கா. நாந்தான் அவ அம்மா."

"அலமாக்" என்றார் மக்சிக். தெருவே வாயைப் பிளந்து நின்றது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள், ஆண்ட்டியின் அர்ச்சனை. "பெத்தா மட்டும் போதுமா? பொட்டப் புள்ளய மொட்ட வெயில்ல உக்கார வச்சிட்டு, ஒளிஞ்சு வெளயாடுற வயசா ஒனக்கு? அறிவு இருக்கா? எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருந்தா?" தோட்டத்தில் கற்ற தமிழ் அத்தனையும் இறங்கியது. விவாகரத்தைப் பற்றி அரை வார்த்தை சொன்ன மாமாவையே வாசலில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவர் என் அம்மா. இப்போது தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்க்கா, தப்புதான்க்கா" என்று நின்றார். எல்லாம் முடிந்து, எங்கள் இருவருக்கும் சிரப் தண்ணீர் கலக்கிக் கொடுத்த பிறகும் ஆண்ட்டி திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

செனாய் திரும்பும் வழி முழுக்க அம்மாவின் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். என் பொய் தெரிந்துவிட்டது, வீட்டுக்குப் போனதும் ரோத்தான் பிரம்படிதான் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அடி விழவில்லை. பெரியம்மா வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, "அந்த வீடுதான். வெள்ளிக்கிழம சாமான் ஏத்துறோம்" என்றார்.

என் பொய்க்கு இதுதான் தண்டனை என்று புரிந்துகொண்டேன். பல வருஷம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்த வீடு, போய்ப் பார்த்தால் சமையலறையில் குழாயே இல்லை. அதைப் பற்றி அம்மா கவலைப்படவில்லை. பள்ளி விட்டுப் பத்து நிமிஷம் தாமதமானால் ஆண்ட்டி கேட்டில் நிற்பார். டியூஷனுக்கு மட்டம் போட்டு ஐஸ் கச்சாங் சாப்பிட்ட செய்தி எனக்கு முன்னால் வீடு வந்து சேரும். நான் பெரிய மனுஷியான மத்தியானம் மக்சிக்கும் ஆண்ட்டியும் என்னை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். அம்மா அன்று பேக்டரியிலிருந்து பதறாமல் வந்தார். ஐந்து வருஷம் அந்தத் தெருவில் எனக்கு ஒரு திருட்டுத்தனமும் பலிக்கவில்லை.

வேலைக்குப் போன பிறகுதான் ஒரு நாள் கேட்டேன். அத்தனை பேர் விளக்குமாறும் கரண்டியுமாகச் சூழ்ந்து நின்றபோது, அந்த ஹெல்மெட்டைக் கழற்ற ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று? முதல் சத்தத்திலேயே கழற்றியிருந்தால் பாதி அவமானம் மிச்சமாகியிருக்குமே. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அன்று மோட்டாரில் குலுங்கிய மாதிரியே குலுங்கிச் சிரித்தார்.

"மொதல்ல அக்கா வந்தாங்க. அப்புறம் மக்சிக், ஸ்பேனர் தம்பி, அடுத்த வீட்டு ரெண்டு பேரு. கடசில மூல வீட்டுத் தாத்தா ஒருத்தரு, ஊன்றுகோல ஊனிக்கிட்டு, மூச்சு வாங்க வந்துட்டே இருந்தாரு. அவரும் வந்து சேரட்டும்னு நின்னேன்டி."

அவ்வளவு நேரமும் நான் கிரில்லுக்கு இந்தப் பக்கம் தவ்கே கூடையோடு நின்று, அம்மாவுக்குப் பயத்தில் கை கால் ஓடவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.