அமாவாசையில் கேட்ட சத்தம்

அமாவாசையன்று எங்கள் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. அப்படியொரு காலையில், ஐயம்பேட்டையிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுப் பக்கம் ‘டொக் டொக்’ என்று விடாத சத்தம்.

“வந்ததும் வராததுமா தறி ஓட்டிக்கினு இருக்காங்கபா. காலி பண்ணச் சொல்லிடலாம்” என்று கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரரோடு நானும் போனேன்.

வாசலில் நின்று அவர் அதையே சொல்ல, “நீங்களே பாருங்கண்ணா” என்று அந்த வீட்டுப் பெண் கதவை அகலத் திறந்தார். தறி சும்மா இருந்தது, சத்தம் நிற்கவில்லை.

அந்தப் பெண் காட்டிய வாசல் அரசமரத்தில், சிவந்த நெற்றியோடு சின்னப் பச்சைக் குக்குறுவான் ஒன்று தொண்டை உப்ப ‘டொக் டொக்’ என்று கூவிக்கொண்டிருந்தது. தினமும் தறிச்சத்தத்தில் அமுங்கிப்போன குரல். குரலை வைத்து நான் அறிந்த முதல் பறவை அதுதான்.

“இதையும் காலி பண்ணச் சொல்வீங்களாண்ணா?” என்றார் அந்தப் பெண்.

பக்கத்து வீட்டுக்காரர் அசடு வழியச் சிரித்தார். கிளையில் வேறொரு குரல் கேட்டது. “இது எந்தப் பறவைம்மா?” என்றார். மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.